வெள்ளத்துக்கு முன் செய்தி செல்லல் வேண்டும்

கோலார் மாவட்டத்தைக் குறித்துப் பேசுவோர் வறட்சியைப் பற்றியே பேசுவது வழக்கம். பங்காருபேட்டைப் பக்கத்து உழவர்களுக்கு மழையின்மையே பழகிய துன்பமாகும். ஆயினும் வெள்ளத்தைப் பொறுத்தும் அப்பகுதிக்கு ஒரு கடமை உண்டு. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, இம்மாவட்டத்து ஏரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பி, முன்னர் பங்காருபேட்டை வட்டத்தில் அடங்கியிருந்த பேத்தமங்கலம் ஏரியைக் கடந்து, ஆந்திரத்தின் வழியே தமிழ்நாட்டை அடைகிறது. மேலே உள்ளோர் காத்த கரையும் கவனியாத கரையும் கீழே உள்ளோரின் விதியை நிர்ணயிக்கின்றன.

1903 நவம்பரில் இவ்வுண்மை கொடிய முறையில் விளங்கிற்று. பெருமழையால் மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்தன. பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியில் பாய்ந்து உயிரையும் உடைமையையும் வாரிச் சென்றது. தொடர் ஏரிகளின் இயல்பு இது: மேல் ஏரியின் கரை உடைந்தால், அதன் நீர் முழுவதும் ஒரே வேளையில் கீழ் ஏரியின் கரையைத் தாக்கும். 2021 நவம்பரிலும் பேத்தமங்கலம் ஏரி நிரம்பி வழிந்தது. பாலாற்றங்கரை ஊர்கள் மீண்டும் பெருவெள்ளத்தைக் கண்டன.

சென்னை, மைசூர் அரசுகள் 1892-ஆம் ஆண்டிலேயே இவ்வாறுகளைக் குறித்து உடன்படிக்கை செய்துகொண்டன. ஆனால் அதன் முதன்மையான நோக்கம் பாசன நீரின் உரிமையைக் காப்பதே. நீரைப் பங்கிடுவதற்குக் காட்டப்படும் அக்கறை, வெள்ளச் செய்தியைப் பங்கிடுவதற்குக் காட்டப்படுவதில்லை. நாடுகளுக்கிடையிலும் நிலைமை இதுவே. இந்தியா, வங்காளதேசம் ஆகியவற்றின் கூட்டு நதி ஆணையம் 1972-இல் அமைந்தது. வெள்ளக் காலத்தில் இந்தியா தன் ஆறுகளின் நீர்மட்ட விவரங்களை அண்டை நாட்டுக்கு அளித்து வந்துள்ளது. பிரம்மபுத்திராவைப் பற்றிய விவரங்களைச் சீனாவிடமிருந்து பெறுவதற்கு 2002-இல் உடன்பாடு ஏற்பட்டது. எனினும் 2017 வெள்ளக் காலத்தில் அவ்விவரங்கள் வரவில்லை என இந்திய அரசு அறிவித்தது. நட்பு குன்றும்போது முதலில் நின்றுபோவது செய்தியே. உயிர் காக்கும் தகவலைப் பேரப்பொருள் ஆக்குவது எந்நாட்டுக்கும் தகாது.

சர்வதேச உதவி பணமாகவும் வருவதுண்டு. உலக வங்கியின் கடனுதவியுடன் 2002-இல் கருநாடகத்தில் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் கோலார் மாவட்டமும் இடம்பெற்றது. ஏரியைப் பயன்படுத்துவோரின் சங்கங்களே அதனைப் பராமரிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அக்கொள்கை சரியானதே. வெளியிலிருந்து வரும் நிதி ஒரு முறை தூர் வாரும். ஆண்டுதோறும் கலங்கலில் வளரும் புதரை அகற்ற ஊரார் கைதான் வேண்டும். மேலும், பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் 2018 முதல் கோலார் ஏரிகள் பலவற்றிற்குக் கொண்டுவரப்படுகிறது. நிலத்தடி நீருக்கு இது துணையாகலாம். ஆயினும் ஏற்கெனவே நிறைந்து நிற்கும் ஏரியில் புதுமழையைத் தாங்க இடமிராது. ஆதலின் மழைக்காலத்துக்கு முன் ஒரு பகுதியைக் காலியாக வைப்பது பற்றிப் பொறுப்பாளர் முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும்.

இவ்விஷயத்தில் களப் பணியாளரின் பங்கு மிகப் பெரிது. கலங்கலில் நீர் ஏறும் அளவையும், கரையில் தோன்றும் கசிவையும் முதலில் காண்பவர் அவரே. அச்செய்தி மேலதிகாரிக்குச் செல்லும்போதே, அடுத்த ஏரிக்கும், எல்லைக்கு அப்பாலுள்ள ஊருக்கும் செல்லுமாறு ஒழுங்கு அமைய வேண்டும். கரை உடைந்தபின் செல்லும் செய்தி வெறும் அறிக்கையே ஆகும். ஆசிரியர்களோ, பள்ளியில் மழைமானி வைத்து அளக்கக் கற்பிப்பதோடு, தம் ஊர் ஏரியின் நீர் அடுத்து எவ்வூரைச் சேர்கிறது என்பதையும் மாணவர் படமாக வரையச் செய்யலாம். கீழே வாழ்வோரின் ஊர்ப்பெயரை அறிந்த பிள்ளை, வளர்ந்தபின் அவர்களை மறவான். நாடுகளிடையே வேண்டப்படும் ஒத்துழைப்பும் இவ்வறிவிலிருந்தே தொடங்குகிறது.