கண்வலியில் வலி எங்கே?

கண் சிவந்தால் தமிழர் ‘கண்வலி’ என்பர். இல்லையேல் ‘மெட்ராஸ் ஐ’ என்பர். பெங்களூரிலும் மைசூரிலும் கன்னடம் பேசுவோர் நாவிலும் பின்னது புழங்குகிறது. சொல் எளிது, அதன் விளைவு எளிதன்று. காரணத்திலும் கடுமையிலும் வேறுபட்ட பல நோய்களை இவ்விரு பெயர்களும் ஒரே கூடையில் இட்டுவிடுகின்றன. அதற்கான விலையைப் பெரிதும் தம் பார்வையால் செலுத்துவோர் உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் ஆவர்.

கௌதள்ளியை எடுத்துக்கொள்ளலாம். கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் அது. 1956இல் மாநிலங்கள் மொழிவழி அமையும்வரை கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கியது. தமிழும் கன்னடமும் கலந்து வழங்கும் இப்பகுதியிலிருந்து மைசூரின் பெரிய மருத்துவமனைகளுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் செல்ல வேண்டும். இவ்வாறான தொலைவில், சிவந்த கண்ணை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் கண் மருத்துவர் அல்லர். வீட்டு மூத்தவரோ மருந்துக் கடைக்காரரோதான். அவர் கேட்கும் முதல் கேள்வியே நோயாளியின் பார்வையைத் தீர்மானிக்கக்கூடும்.

‘மெட்ராஸ் ஐ’ எனப்படுவது பெரும்பாலும் வைரசால் வரும் விழி வெண்படல அழற்சி. அது சென்னைக்கு மட்டும் உரிய நோய் அன்று. அதன் ஒரு வகை 1969இல் கானாவில் தோன்றியபோது, நிலவுப் பயணத்தை நினைந்து ‘அப்பல்லோ நோய்’ எனப்பட்டது. 1971இல் கிழக்கு வங்க அகதிகளுக்கிடையே பரவியபோது கல்கத்தாவில் ‘ஜெய் பங்களா’ எனப்பட்டது. 2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இந்தியாவின் பல மாநிலங்களில் கண் அழற்சி பரவியது நினைவிருக்கலாம். இதில் நீர் வடியும், மணல் விழுந்தாற்போல் உறுத்தும், ஒரு கண்ணில் தொடங்கி மறுகண்ணுக்குத் தாவும். பார்ப்பதால் தொற்றுவதில்லை, கையும் துண்டும் தலையணையும்தான் பரப்புகின்றன. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே அடங்கும். வைரசின்மீது ஆன்டிபயாடிக் சொட்டுமருந்துக்கு ஆற்றல் இல்லை.

பாக்டீரியாவால் வருவதில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை தள்ளும். காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வாமையின் அடையாளம் அரிப்பு. இரு கண்களையும் கசக்கத் தோன்றும், பருவந்தோறும் திரும்ப வரும். வெண்விழியில் குருதி தெறித்தாற்போல் ஓரிடத்தில் மட்டும் அடர்சிவப்பு, வலியில்லை, பார்வையும் தெளிவு எனில், அது மெல்லிய குருதிக் குழாய் உடைந்ததன் கசிவு. காண அச்சமூட்டும், ஆயினும் பெரும்பாலும் தானே மறையும்.

இவற்றுள் எதிலும் கடும் வலி முதன்மை அறிகுறி அன்று. முரண் இங்கேதான் உள்ளது. வலி பெரிதாக இல்லாத நோய்க்குக் ‘கண்வலி’ என்று பெயர் வைத்த வழக்கு, வலி உண்மையில் வரும்போது அதை எச்சரிக்கையாகக் கேட்கும் செவியை இழக்கச் செய்துவிட்டது. ‘கண்வலிதானே, நான்கு நாளில் போய்விடும்’ என்னும் ஆறுதலில் கருவிழிப் புண் வளர்கிறது. கண்ணின் உள்திரை அழற்சி முற்றுகிறது. தலைவலியும் வாந்தியுமாக வரும் திடீர்க் கண் நீர் அழுத்தம் பித்தம் எனக் கருதப்பட்டு நேரம் கழிகிறது.

கருவிழிப் புண் இப்பகுதிகளுக்குப் புதிதன்று. மதுரை மாவட்டத்தில் நடந்து 1996இல் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேரில் 113 பேருக்கு அது வருவதாகக் கணித்தது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் கண்ட அளவைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூவரில் இருவர் கண்ணில் முன்னரே காயம் பட்டவர்கள். கிருமி வளர்த்துக் கண்டறியப்பட்டவற்றில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறையச் சரிபாதி. நெல் தாளோ கரும்புத் தோகையோ கீறிய கண்ணில் பூஞ்சை புகுவதற்கு ஒரு நொடி போதும்.

இந்தக் கண்ணில்தான் ஸ்டீராய்டு கலந்த சொட்டுமருந்து பெருங்கேடு செய்கிறது. அது சிவப்பை விரைந்து தணிக்கும், நோயாளி மகிழ்வார், கடைக்காரரின் கைராசி போற்றப்படும். உள்ளே, உடலின் எதிர்ப்பு மட்டுப்பட, பூஞ்சை தடையின்றிப் பரவும். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து அது என்பது சட்டம், நடைமுறை ஊரறிந்தது. தாய்ப்பாலும் இலைச்சாறும் விடும் பழக்கமும் புண்பட்ட கண்ணுக்குப் புதுக் கிருமிகளைக் கொண்டு சேர்ப்பதே. ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று ஊர் பேசும் வெண்தழும்புகளில் பல இவ்வழியில் விழுந்தவை.

அப்படியாயின் சிவந்த கண் ஒவ்வொன்றையும் நகரத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நோய் பரவும் காலத்தில் அது நடக்கவும் நடக்காது. நடந்தால், காத்திருப்போர் கூடத்திலேயே நோய் பெருகும். தேவை அனைவரையும் அனுப்புவதன்று, பிரித்தறிவது. அதற்கு நான்கு கேள்விகள் போதும். வலிக்கிறதா, வெறுமனே உறுத்துகிறதா? பார்வை மங்கியதா? வெளிச்சம் கூசுகிறதா? கண்ணில் ஏதேனும் பட்டதா? இவற்றுள் ஒன்றுக்கு ‘ஆம்’ என்பது விடையானாலும், கருவிழியில் வெண்புள்ளி தெரிந்தாலும், கண் கண்ணாடிவில்லை அணிபவரோ பிறந்த குழந்தையோ ஆனாலும், அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சிற்றூர்களில் இது இயலாது என்பாருக்கு நேபாளத்தின் பக்தபூர் விடை தருகிறது. அங்கே பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் கருவிழிக் கீறலைக் கண்டறிந்து, மூன்று நாள் குளோராம்பெனிகால் களிம்பு இட்டனர். காயம் பட்ட 18 மணி நேரத்திற்குள் மருந்து தொடங்கிய எவருக்கும் புண் உண்டாகவில்லை என 2001இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது. சாயம் தோய்ந்த ஒரு தாள்பட்டையும் நீல ஒளி விளக்கும் கீறலைக் காட்டிவிடும். ஹனூர் வட்டத்திற்கோ கோவை மாவட்டத்திற்கோ எட்டாத கருவிகள் அல்ல இவை.

மொழித்துறையினருக்கும் இதில் பங்குண்டு. உறுத்தல், அரிப்பு, கூச்சம், வலி, பீளை, மங்கல் எனக் கண்ணின் துன்பத்தைப் பகுத்துச் சொல்லத் தமிழில் சொற்கள் நிரம்ப உள்ளன. அவற்றை ஒரே ‘கண்வலி’க்குள் கரைத்துவிட்டு, கலைச்சொல் போதவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. நலவாழ்வுத் துறையின் சுவரொட்டிகளும் பள்ளிப் பாடங்களும் மருந்துக் கடை அறிவிப்புகளும், எல்லை ஊர்களில் இரு மொழியிலும், இச்சொற்களைக் கொண்டே எழுதப்பட வேண்டும். சிவப்பு ஒரு நிறம் மட்டுமே. நோயின் பெயரைச் சொல்ல வல்லது அதனுடன் வரும் துன்பத்தின் தன்மை.