72 மணித்தியாலத்தையும் வெட்கத்துக்கே கொடுக்கிறோம்

பதிவு கொஞ்சம் நீளம். முழுக்க வாசித்துவிட்டு ஏசுபவர்கள் ஏசலாம்.

நம் ஊரில் ஒரு பையன் பிழை செய்துவிட்டால் அடுத்து நடப்பது எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் வாய் திறக்க மாட்டான். இரண்டாம் நாள் கூட்டாளி ஒருத்தனிடம் சொல்வான். அவன் பாமஸியில் ஏதோ அன்டிபயோடிக் வாங்கிக் கொடுப்பான். மூன்றாம் நாள் தூக்கமில்லை. நாலாம் நாள்தான் டொக்டரிடம் போவான். அந்த நாலாம் நாள்தான் பிரச்சினை.

எச்.ஐ.வி. உடம்புக்குள் போயிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், அது நிலைகொள்ளாமல் தடுக்க மருந்து இருக்கிறது. பெப் என்பார்கள். 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் நாளே தொடங்கினால் இன்னும் நல்லது. பிறகு 28 நாள், ஒரு நாளும் விடாமல். வெள்ளி இரவு நடந்தால் திங்கள் இரவோடு அந்த வாய்ப்பு முடிந்தது. அன்டிபயோடிக்குக்கு இந்தக் கிருமியிடம் ஒரு வேலையும் இல்லை. சிலர் மறுநாளே லேபுக்கு ஓடி, "நெகடிவ்" என்று வந்ததும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுப் படுக்கிறார்கள். அந்த ரிப்போட் நேற்று நடந்ததைக் காட்டாது. பரிசோதனையில் தெரியவரக் கிழமைக் கணக்கில் போகும்.

"இதையெல்லாம் சொல்வது ஸினாவுக்கு வழிகாட்டுவது ஆகாதா?" என்று கேட்பார்கள். ஸினா ஹராம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் வேலையில் ஊசி குத்திய தாதிக்கும் இதே மருந்துதான். பலாத்காரம் செய்யப்பட்ட பிள்ளைக்கும் இதுதான். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தாள்? குடும்ப மானம் என்று அவளை அறைக்குள் வைத்துப் பூட்டி, இருந்த மூன்று நாளையும் நாமே தின்றுவிடுகிறோம். பிழை செய்தவனுக்கும் வீட்டில் ஒரு மனைவி இருக்கலாம். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. தௌபாவின் வாசல் உயிர் தொண்டைக்கு வரும்வரை திறந்திருக்கிறது. இந்த மருந்துக்கு மூன்று நாள்தான்.

ஆசிரியர்களாகிய நாங்களும் சுத்தமில்லை. சுகாதாரப் பாடத்தில் அந்தப் பக்கம் வந்தால் "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று புரட்டிவிடுகிறோம். வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது? வாப்பாவா?

போக வேண்டிய இடம் அரசாங்கத்தின் பாலியல் நோய் சிகிச்சை நிலையம். மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. கொழும்பில் டி சேரம் பிளேஸில் தலைமை நிலையம். காசு இல்லை, விஷயம் வெளியே போகாது. மருந்து தேவையா இல்லையா என்பதை அங்குள்ள டொக்டர் தீர்மானிப்பார், கூட்டாளி அல்ல. கிளினிக் பூட்டியிருந்தால் திங்கள் வரை இருக்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கேளுங்கள். உம்மாமாரே, பிள்ளை அழுதுகொண்டு வந்தால் முதலில் நேரத்தைக் கேளுங்கள், ஏச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வரும் கூட்டத்தில் பள்ளி நிருவாகத்திடம் ஒன்று கேட்கப்போகிறோம். ஜனாஸா அறிவித்தல் ஒட்டும் பலகையின் ஓரத்தில், கிட்டிய கிளினிக்கின் இடமும் திறக்கும் நேரமும் ஒரு தாளில். நின்று வாசிக்க யாரும் வெட்கப்படுவார்கள்தான். வுழூச் செய்யப் போகிற வழியில் ஓரக்கண்ணால் பார்த்தால் போதும்.