ஜீப் மலையேறிய பிறகு

விடியுமுன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறத் தொடங்கிவிடுகின்றன. மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெண்களே அதிகம். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். அம்மா கிளம்பியதும் அந்த வீட்டுக்கு அம்மா, மூத்த மகள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கு மட்டம் போடுவது அவள்தான், அண்ணன் அல்ல.

ஆனாலும் தேர்வில் முந்துவது அவளே. 2025 பிளஸ் டூ தேர்வில் தமிழகத்தில் மாணவியர் 96.70 விழுக்காடு, மாணவர் 93.16 விழுக்காடு தேறினர். பையன் படிப்பை விடும் கதை வேறு. பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போகிறது. மூட்டை தூக்க ஆள் கேட்கிறார்கள். கையில் காசு புழங்குகிறது. 'பொறுப்பான பிள்ளை' என்று ஊரும் மெச்சுகிறது. அபாயமான தொழில்களைத் தவிர்த்தால், 14 வயது தாண்டியவனைச் சட்டமும் தடுப்பதில்லை. அவள் தேறியும் நிறுத்தப்படுகிறாள். அவன் தவறியதும் நின்றுவிடுகிறான்.

2022-இல் வந்த புதுமைப் பெண், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் ஆகிய அரசுத் திட்டங்கள் இரண்டும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன, கல்லூரி வாசலை மிதித்தவர்களுக்கு. பத்தாம் வகுப்போடு நின்றவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. தம்பி தங்கையைப் பார்க்க அவள் வீட்டில் நிற்காமலிருக்க, மலையடிவார அங்கன்வாடிகளை ஜீப் புறப்படும் நேரத்துக்கே திறக்க வேண்டும். தவறிய பையன்களை முடிவு வந்த வாரத்திலேயே வீடு தேடிப் போய்த் துணைத்தேர்வுக்கு உட்கார வைக்க வேண்டும். அடுத்த மாதம் போனால் அவன் தோட்டத்தில் இருப்பான்.