"படிச்சு என்ன செய்யிறது?": திருகோணமலைப் பிள்ளைகளின் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

திருகோணமலை மாவட்டத்தில் கல்வி பற்றிப் பேசக் கூடும் எந்தக் கூட்டத்திலும் ஒரு வசனம் தவறாமல் வரும்: "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குப் படிப்பில அக்கறை இல்லை." கைத்தொலைபேசி, போதைப்பொருள், சினிமா என்று காரணங்கள் அடுக்கப்படும். கடைசியில் ஓர் ஊக்குவிப்புக் கருத்தரங்கு நடத்துவதென்று தீர்மானிக்கப்படும். வெளியூரிலிருந்து பேச்சாளர் வருவார். அப்துல் கலாமின் வாழ்க்கையை ஒரு மணி நேரம் சொல்வார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அடுத்த திங்கட்கிழமை வகுப்பறையில் வெற்றுக் கதிரைகளின் எண்ணிக்கை குறைந்திருக்காது.

மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கப் பாடசாலைகளில் நீண்ட காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் வாரத்தில் மூன்று மாலைகள் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறேன். படிப்பை வெறுக்கும் பிள்ளை என்று என்னிடம் அனுப்பப்பட்ட பலர், உண்மையில் ஒரு கேள்வியோடு வந்தவர்கள். "படிச்சு என்ன சேர் செய்யிறது?" என்பதே அந்தக் கேள்வி. அதை நாம் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். அதற்கு ஒழுங்கான பதில் எதுவும் எங்களிடம் இல்லை என்பதே பிரச்சினையின் மையம்.

ஒரு தலைமுறையின் பள்ளிக் கணக்கு

2006ஆம் ஆண்டு மூதூர் கிழக்கில் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஜூலையில் மாவிலாறு அணைக்கட்டில் மூண்ட மோதல் ஓகஸ்டில் மூதூர் நகருக்கு வந்தது. செப்ரெம்பர் 4ஆம் திகதி சம்பூர் படையினர் வசமானது. கைக்குழந்தையோடு ஓடிய குடும்பங்கள் வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் இடைத்தங்கல் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தன. அந்தப் பிள்ளை எழுத்துப் பழகியது தகரக் கொட்டிலில். 2012இல் அவர்களுடைய காணி முதலீட்டு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2015இல் அந்த அறிவித்தல் இரத்தானது. முதற்கட்டமாக 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டு மக்கள் ஊர் திரும்பத் தொடங்கியபோது பிள்ளைக்கு ஒன்பது வயது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பதினான்கு. 2022இல் எரிபொருளும் கடதாசியும் இல்லாமல் நாடு முடங்கியபோது பதினாறு. அது சாதாரண தரப் பரீட்சைக்கான வயது.

இது சம்பூரின் கணக்கு. மற்ற ஊர்களுக்கு வேறு கணக்குகள் உண்டு. திரியாய், குச்சவெளிப் பிள்ளைகளின் பெற்றோர் தங்கள் படிப்பை 1990இன் இடப்பெயர்வில் விட்டவர்கள். கரையோரக் குடும்பங்களுக்கு 2004 டிசம்பர் 26 உண்டு. கிண்ணியாவில் 2021 நவம்பர் 23ஆம் திகதி, பால வேலை முடியாத குறிஞ்சாக்கேணியில், ஆட்களை ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உயிரிழந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது உயர்தரப் பரீட்சையே இடைநடுவில் நின்றது. இவ்வளவு தடவை அறுந்த கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு, ஏன் ஏறவில்லை என்று பிள்ளையைக் கேட்கிறோம்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது

இன்னுமொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நன்றாகப் படித்த, பெற்றோர் பெரிய கனவுகளோடு வளர்த்த பிள்ளைகள் அவர்கள். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். படித்தால் பாதுகாப்பு வரும், மரியாதை வரும் என்று எங்கள் பெற்றோர் எங்களுக்குச் சொன்ன வாக்கை அந்த மாலைக்குப் பிறகு இந்த நகரத்தில் அப்படியே திருப்பிச் சொல்ல முடியவில்லை.

இதற்கு மேல், பட்டம் பெற்றவர்கள் வேலை கேட்டு வீதியில் இருந்த போராட்டங்களைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் மேசன் வேலைக்குப் போய் அன்றைக்கே காசோடு வருகிறான். கடலுக்குப் போனவன் மீன் பட்டால் பங்கு எடுக்கிறான். வெளிநாட்டு முகவர் ஊருக்குள் வந்து கட்டாரைக் காட்டுகிறார். பதினைந்து வயதுப் பையன் இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் "படிச்சு என்ன?" என்கிறான். கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கினால்தான் பதில் சொல்ல வேண்டும். மேடைப் பேச்சு அவனுக்கு எடுபடாது.

மறுப்புக்குப் பின்னால் இருக்கும் வெட்கம்

தரம் 8, 9இல் இருக்கும் ஒரு பிள்ளை "எனக்கு வாசிக்க விருப்பமில்லை" என்று சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது விருப்பத்தை அல்ல. அவருக்கு வாசிக்க வருகிறதா என்று பாருங்கள். என் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் எழுத்துகளை அறிவார்கள். ஆனால் ஒரு நீண்ட வசனத்தை முடிக்கும்போது அதன் தொடக்கம் மறந்துவிடும். இப்படிப்பட்டவர் வரலாற்றுப் பாடநூலின் ஒரு பக்கத்தை வகுப்பின் முன்னால் உரத்து வாசிக்க எழுப்பப்படும்போது என்ன செய்வார்? பகிடி விடுவார், சண்டை பிடிப்பார், அடுத்த நாள் வராமல் விடுவார். அவமானப்படுவதைவிடக் குழப்படிக்காரன் என்ற பெயர் அவருக்குச் சுகமாக இருக்கிறது.

இந்தியாவில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் இதற்கு எளிய வழியொன்றைக் காட்டியது. பிள்ளைகளை வயதாலும் வகுப்பாலும் பிரிக்காமல், இப்போது எந்த அளவுக்கு வாசிக்கிறார்கள் என்று பார்த்து அதன்படி குழுவாக்கி, நாளொன்றுக்குக் கொஞ்ச நேரம் அந்த மட்டத்திலிருந்தே கற்பிப்பது. எழுத்து, சொல், பந்தி, கதை என்று நான்கு படிகள். பிள்ளை ஒரு படி ஏறியதும் அடுத்த குழுவுக்குப் போகலாம். தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பிறகு, 2021 ஒக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், ஊரிலுள்ள தன்னார்வலர்களைக் கொண்டு மாலையில் பிள்ளைகளைக் கூட்டியது. இரண்டுக்கும் பெரிய கட்டடம் தேவைப்படவில்லை. உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களால் இதைச் செய்ய முடியும்.

எதை வாசிக்கக் கொடுப்பது?

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, சான்றிதழ் எல்லாம் நடக்கும். ஏற்கனவே வாசிக்கும் பிள்ளைகளே அவற்றில் வெல்வார்கள். வாசிக்காத பிள்ளை பார்வையாளர் வரிசையில் இருப்பார்.

பிரேசிலில் 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் பாவ்லோ பிரேயரே சுமார் 300 தொழிலாளர்களுக்கு எழுத்தறிவு கற்பித்தார். அவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்கவில்லை. செங்கல் போல அந்த மக்களின் அன்றாட வாழ்விலிருந்து வந்த சொற்களை எடுத்து, அவற்றைப் பற்றிப் பேசவைத்து, பிறகே எழுத வைத்தார். தன் வாழ்க்கையோடு பேசும் சொல்லை மனிதன் விரைவாகப் பிடித்துக்கொள்வான்.

எங்கள் ஊர்களில் அப்படிப்பட்ட எழுத்து நிறையவே உண்டு. காணி உறுதி, அனுமதிப் பத்திரம், வர்த்தமானி அறிவித்தல், மீன்பிடித் திணைக்களக் கடிதம், வங்கிக் கடன் படிவம், நுண்கடன் ஒப்பந்தம். சம்பூர் மக்களின் பத்து ஆண்டுகளை ஒரு வர்த்தமானி தீர்மானித்தது. தமிழ் 1987இன் 13ஆம் திருத்தத்தோடு அரசகரும மொழியாகியும், சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு ஆள் தேடும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்கும் குடும்பம் எதையும் இழக்கலாம். ஒரு பிள்ளையிடம் "உன் அம்மாவின் கடன் கடதாசியை வாசித்து, வட்டி எவ்வளவு என்று எனக்குச் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். வாசிப்பு எதற்கு என்ற கேள்வி அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

என்னிடம் வந்த ஒரு பையன் பாடநூலைத் தொடவே மாட்டான். ஆனால் தகப்பனின் படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவான். அவனுக்கு எஞ்சினைப் பற்றிய குறிப்புகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். பிழையான இடங்களை அவனே திருத்தினான். பிறகு தானாகவே எழுதினான். இப்போது தொழிற்பயிற்சி நிலையமொன்றில் இயந்திரத் திருத்துநர் பயிற்சி பெறுகிறான். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. ஆனால் வாசலைத் திறக்கும் சாவி ஒவ்வொரு பிள்ளையிடமும் வேறுவேறாக இருக்கிறது என்பதற்கு அவன் சாட்சி.

கதை கேட்கும் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. நாம் பழிக்கும் அதே கைத்தொலைபேசியில் அவற்றைத் திறக்கலாம்.

திட்டம் என்பது தரம் 9இல் தொடங்குவது

"என்னவாக வரப்போகிறாய்?" என்று கேட்டால் வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு பதில்களே வருகின்றன. அவை கைகூடாது என்று தெரிந்த நாளில் பிள்ளை முழுப் படிப்பையும் கைவிடுகிறார். நடுவில் இருக்கும் பாதைகளை யாரும் அவருக்கு வரைந்து காட்டவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டியவை சில:

முதலாவது, சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடச் சித்தியும், மூன்று திறமைச் சித்தியும் உயர்தரத்துக்கான வழமையான வாசல். எல்லாப் பாடங்களையும் நினைத்துப் பயப்படும் பிள்ளைக்கு, தமிழையும் கணிதத்தையும் முதலில் காப்பாற்று என்று சொல்வதே ஒரு திட்டம்.

இரண்டாவது, பல கிராமப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இல்லை. எந்தப் பாடசாலைக்குப் போவது, எப்படிப் பயணம் செய்வது, எங்கே தங்குவது என்பதை முன்கூட்டியே பேச வேண்டும். பெண் பிள்ளைகள் பலர் நிற்பது புள்ளிக் குறைவால் அல்ல, பேருந்து இல்லாததால்.

மூன்றாவது, பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து எங்கள் பிள்ளை மனம் உடையத் தேவையில்லை.

நான்காவது, சாதாரண தரம் சித்தியெய்தாவிட்டாலும் பாதை முடிவதில்லை. 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருடக் கட்டாயக் கல்வித் திட்டம், பெறுபேறு எதுவானாலும் தொழிற்பிரிவில் தரம் 12க்குப் போக வழிவிட்டது. தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஐந்தும் ஆறும் டிப்ளோமா மட்டங்கள். ஏழாவது பட்டத்துக்குச் சமன். மேசன் வேலை செய்பவரும் தன் திறமைக்குச் சான்றிதழ் பெற்று மேலே போகலாம்.

துறைமுகத்தின் வாசலில் யார் நிற்பார்கள்?

இந்த மாவட்டத்தைப் பற்றி உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. 2022 ஜனவரியில் எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய ஒப்பந்தம் வந்தது. 99 தாங்கிகளில் 61ஐ இலங்கையும் இந்தியாவும் சேர்ந்து அபிவிருத்தி செய்யும். 2025 ஏப்ரலில் சம்பூர் சூரிய மின் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்த முத்தரப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. சீனக்குடாப் பக்கத்தில் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன.

இத்திட்டங்களின் அரசியல் பற்றி எங்களுக்குக் கேள்விகள் உண்டு. அவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வேலைகள் வரும்போது வெல்டிங், மின்னியல், கருவி பராமரிப்பு, கணக்கியல் தெரிந்தவர்களை, சிங்களமும் ஆங்கிலமும் ஓரளவு வாசிக்கக்கூடியவர்களைத் தேடுவார்கள். அப்போது எங்கள் பிள்ளைகளிடம் சான்றிதழ் இல்லாவிட்டால், தாய் தகப்பன் காணிக்காகப் பத்து ஆண்டுகள் முகாமில் காத்திருந்த அதே மண்ணில் காவலாளி வேலையும் புல்லு வெட்டும் வேலையும்தான் மிஞ்சும். திட்டம் பற்றிய சுற்றாடல் அறிக்கையை வாசித்து எதிர்க்கவும் ஆள் இருக்காது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. பாடசாலைகள் தரம் 6இலேயே வாசிப்பு மட்டத்தைப் பார்த்து, பின்தங்கியவர்களைக் கூச்சப்படுத்தாமல் தனிக் குழுவாக்கலாம். வலயக் கல்வி அலுவலகங்கள் தரம் 9 பெற்றோரை அழைத்து மேலே சொன்ன பாதைகளைத் தாளில் வரைந்து கொடுக்கலாம். கோவில், பள்ளிவாசல், தேவாலய மண்டபங்கள் மாலை இரண்டு மணி நேரம் திறந்திருக்கலாம். புலம்பெயர்ந்த உறவுகள் கட்டடத்துக்கும் கலை விழாவுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை, உயர்தரம் படிக்க நகருக்கு வரும் பிள்ளையின் பேருந்துப் பணத்துக்கும் விடுதிக்கும் ஒதுக்கலாம்.

பெற்றோரிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். வாசிக்கத் தெரியாது என்று கூச்சப்படாதீர்கள். இன்று வீட்டுக்கு வந்த ஒரு கடிதத்தை எடுத்து, "இதில என்ன இருக்கு மகன், வாசிச்சுச் சொல்லு" என்று கேளுங்கள். தடுமாறினால் ஏசாமல் காத்திருங்கள். முடித்ததும், அடுத்த வருடம் என்ன செய்யப் போகிறோம் என்று இருவரும் சேர்ந்து பேசத் தொடங்குங்கள்.