ரிப்போர்ட் நார்மல்தானே டாக்டர்?

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கணவருக்கு 56 வயது. போன வருடம் மாரடைப்பு வந்து, ஒரு ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். உட்கார்ந்ததும் அந்த அம்மா பையிலிருந்து லேப் ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

“மூணு மாசமா இவர் கொலஸ்ட்ரால் மாத்திரையே போடலை டாக்டர். நீங்களே கேளுங்க.”

“அதான் நார்மலுக்கு வந்துடுச்சே சார். அப்புறம் எதுக்கு தினமும்? லிவர் கெட்டுப்போகும்னு வாட்ஸ்அப்ல வேற வந்துது” என்று சிரித்தார் அவர்.

ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 118. பக்கத்திலேயே ‘130க்குள்’ என்று அச்சடித்திருந்தார்கள். கொட்டை எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. பார்ப்பவர்களுக்கு எல்லாம் நார்மல்.

நிறையப் பேர் ஏமாந்துபோவது இங்கேதான். அந்த 130 பொதுவாக எல்லோருக்குமாகப் போட்ட எண். ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70க்குக் கீழே இருக்க வேண்டும். முடிந்தால் 55க்கும் கீழே. பழைய ஃபைலைப் புரட்டினேன். மாரடைப்பு வந்தபோது 124. மாத்திரை ஆரம்பித்த பிறகு 61. அந்த 61-ஐப் பார்த்துத்தான் மனிதர் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்.

“சார், அட்டாக் வந்தப்போ உங்களுக்கு எவ்வளவு இருந்துதுன்னு பாருங்க” என்று தாளைத் திருப்பிக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

கொலஸ்ட்ரால் விஷம் இல்லை. செல்களின் சவ்வுக்கும் ஹார்மோன்களுக்கும் அது வேண்டும். அதனால்தான் பெரும்பகுதியை நம் கல்லீரலே தயாரிக்கிறது. முட்டையைக் கையால்கூடத் தொடாத வீட்டிலும் கொலஸ்ட்ரால் ஏறுவது இப்படித்தான். (எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று பெருமையாகப் போடுகிறார்களே, எந்தத் தாவர எண்ணெயிலும் அது பேருக்குக்கூட இருக்காது. நாம் பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதை. நெய், வனஸ்பதி, பாமாயில், தேங்காய் எண்ணெய் எல்லாவற்றிலும் அது அதிகம்.)

ரத்தத்தில் மிதமிஞ்சிப் போகும் எல்.டி.எல். ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து, வருடக்கணக்கில் படிகிறது. அந்தப் படிவம் ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. பாதி அடைப்புதான் இருந்தது என்றாலும் வரலாம். ஸ்டென்ட் ஓர் இடத்தைத்தான் தாங்கிப் பிடிக்கிறது. மற்ற குழாய்களிலும் ஓடுவது அதே ரத்தம்தானே?

ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலின் தயாரிப்பைக் குறைக்கிறது. தனக்குத் தேவையானதைக் கல்லீரல் ரத்தத்திலிருந்தே இழுத்துக்கொள்ளும். அதனால் எல்.டி.எல். இறங்குகிறது. ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி, 1970களில் இந்தக் குணமுள்ள பொருளைப் பூஞ்சையிலிருந்து எடுத்தார். ஆனால் ஒன்று, மாத்திரை போடும்வரைதான் இந்த வேலை நடக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே வந்துவிடும். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக, கண் சரியாகிவிட்டது என்று கழற்றி வைப்போமா?

பக்கவிளைவே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்குத் தசை வலி வரும். அப்போது டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். சிலருக்குக் கல்லீரல் பரிசோதனை எண்கள் கொஞ்சம் ஏறும். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடலாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

அதற்காக 118 என்றாலே எல்லோருக்கும் மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிகரெட் எதுவும் இல்லாத 35 வயதுக்காரருக்கு அதே 118 வந்தால், சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்யச் சொல்லி அனுப்புவேன். ஆனால் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் இருபதுகளிலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

“அப்ப ஆயுசு முழுக்கவா சார்?” என்றார் அவர்.

“ஆமாம். சாப்பாடு, நடை எல்லாம் இதோட சேர்த்து. இதுக்குப் பதிலா இல்லை.”

போன வாரம் மறுபடி வந்தார்கள். 66. இன்னும் இறங்க வேண்டும் என்பதால் எஸெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்த்தேன். எழுதி முடித்துவிட்டு, “உங்க ரிப்போர்ட் எங்கேம்மா?” என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். 52 வயது, ஒன்பது வருடமாகச் சர்க்கரை. கொலஸ்ட்ரால் இதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம்.

“எனக்கு ஒண்ணும் இல்லை டாக்டர்” என்றார். இந்தத் தடவை சீட்டை வாங்கி பையில் வைத்துக்கொண்டது கணவர்.