சொன்ன பிள்ளையை யார் காப்பது?

'மன உறுதி வேண்டும், எதையும் மனம்விட்டுப் பேசுங்கள்' என்று பள்ளிகளில் வகுப்பெடுக்கிறார்கள். நாங்குநேரி மாணவன் பேசினான். சக மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாதிருந்தவன், ஆசிரியர் கேட்டதும் நடந்ததைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அடுத்த ஆண்டு பிளஸ் 2வில் 600க்கு 469 எடுத்தான். நாடே மெச்சியது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் உறுதியை நிரூபிக்க நம் பிள்ளைகள் வெட்டுப்பட வேண்டுமா?

புகார் சொன்னவன் பெயர் ஊருக்குள் போய்ச்சேர ஒரு பஸ் பயணம் போதும். நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்றது. நாம் கையில் கட்டும் கயிற்றைப் பற்றித்தான் அதிகம் விவாதித்தோம்.

தம்பி தங்கைகளே, தனியாகச் சுமக்காதீர்கள். தூக்கம் கெட்டாலோ பள்ளிக்கூடம் என்றாலே பயம் வந்தாலோ 14416க்கு இலவசமாகப் பேசலாம். அடி, மிரட்டல் என்றால் 1098. பெற்றோர் புகாரை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு தருவது அரசின் கடமை என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு. அதைக் காவல் நிலையத்தில் கேளுங்கள். அன்று மட்டுமாவது பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.