உங்களுக்கெண்டு ஒரு பக்கம் வேணும்

"புளொக்கெல்லாம் செத்துப்போச்சு மச்சான், இப்ப ஆர் அதை வாசிக்கிற?" கம்பஸில் எழுதுகிற யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இதுதான் பதில். இலக்கியக் கூட்டம் முடிந்து வருகிற அண்ணாமாரும் இதையே சொல்கிறார்கள். சொன்ன கையோடு ஃபோனை எடுத்து பேஸ்புக்கில் எட்டுப் பந்தி எழுதுகிறார்கள். நாலு மாசம் கழித்து அந்த எட்டுப் பந்தியைத் தேடச் சொன்னால் அவர்களாலேயே முடியாது. அப்ப செத்தது எது?

நான் சொல்ல வருவது சின்ன விசயம். எழுதுகிற ஒவ்வொருவருக்கும் தன் கையால் கட்டிய ஒரு இணையப் பக்கம் வேணும். வடிவாக இருக்கவேணும் எண்டில்லை. எழுத்துரு என்ன, நிறம் என்ன, எது மேலே எது கீழே என்பதை எழுதியவரே முடிவுசெய்திருக்க வேணும். அவ்வளவுதான்.

இது ஒண்டும் புதுக் கதை இல்லை. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார். 2003இலிருந்து தமிழில் வலைப்பதிவுகள் வரத்தொடங்கின. அடுத்த வருசம் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அவற்றை ஒரே இடத்தில் திரட்டித் தந்தது. பாமினியில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்ற சுரதா யாழ்வாணன் ஒரு கருவி செய்து சும்மா கொடுத்தார். இவர்களில் யாரும் ஒரு பெரிய கம்பனி வந்து செய்து தரட்டும் எண்டு காத்திருக்கவில்லை.

அந்தக் காலத்துப் பக்கங்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஓடுகிற எழுத்து, தானாகப் பாடுகிற பாட்டு, எத்தனை பேர் வந்தார்கள் எண்டு எண்ணுகிற பெட்டி. பனியையே காணாத ஊரிலிருந்து பக்கம் முழுக்கப் பனி கொட்டவிட்டவர்களும் உண்டு. மற்றவரின் நிரலைப் பார்த்துக் கொப்பியடித்து வார்ப்புருவை மாற்றப் பழகியவர்களே, தங்கள் பக்கத்தை ஒருவரும் கொப்பியடிக்கக் கூடாதெண்டு ரைட் கிளிக்கைப் பூட்டியும் வைத்தார்கள். ஆனாலும் அந்தக் கோமாளித்தனத்துக்குள் ஒரு படிப்பு நடந்தது. பக்கம் என்பது எழுதப்படுகிற ஒரு பொருள், அதை நானும் எழுதலாம் எண்டு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பெட்ச்சுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது 'போஸ்ட்' எண்ட பொத்தான் மட்டும்.

வடிவமைப்பு வெறும் அலங்காரம் எண்டு நினைக்கிறவர்களுக்கு ஒரு உதாரணம். வடமோடிக் கூத்துக் கொப்பி ஒன்றை பேஸ்புக்கில் போட்டுப் பாருங்கோ. விருத்தம் எது, தரு எது, தாளக்கட்டு எங்கே நிற்கிறது எண்டு ஒண்டும் விளங்காது. வரிக்கு முன்னால் விட்ட இடைவெளியை அது விழுங்கிவிடும். மிச்சமெல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில். அதே கூத்தை உங்கள் பக்கத்தில் போட்டால் தருவுக்கு ஒரு உள்தள்ளல், தாளக்கட்டுக்கு ஒரு நிறம். சிஎஸ்எஸ்சில் நாலு வரி வேலை.

சாதாரணக் கட்டுரைக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்தை நினைத்து வைத்த வரி இடைவெளியில், மேலே சுழிக்கிற 'கீ'யும் கீழே இறங்குகிற 'கூ'வும் முட்டிக்கொள்ளும். கொஞ்சம் கூட்டிவிட்டால் கண் ஆறும். எங்கள் சொற்கள் நீளம். இரண்டு ஓரத்தையும் சமப்படுத்தினால் ஃபோன் திரையில் சொல்லுக்குச் சொல் ஓட்டை விழும். இதையெல்லாம் தமிழ் வாசிக்கிற ஒருவர்தான் பார்த்துத் திருத்தவேணும். கலிபோர்னியாவில் இருக்கிறவர் எங்களுக்காக இருந்து திருத்தப் போவதில்லை.

இனி ஞாபகத்தின் கதைக்கு வருவம். எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' வேணுமெண்டால் நூலகம் தளத்தில் இரண்டு நிமிசத்தில் எடுக்கலாம். 2005இல் தொடங்கிய அந்த முயற்சிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. போன வருசம் கல்லடிப் பாலத்தைப் பற்றி ஒரு நண்பர் பேஸ்புக்கில் எழுதிய நல்ல குறிப்பை எடுக்கவே முடியாது. அறுபது வருசப் பழைய புத்தகம் கையில் இருக்கு, போன வருசத்து எழுத்து வாவியில் போட்ட கல். எங்கள் பெட்ச்சின் எழுத்து முழுவதும் இப்படித்தான் போகுது.

2019 ஏப்ரல் 21 ஞாபகமிருக்கும். சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அதே நாளில் அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் மூடியது. ஒரு கிழமைக்கு மேல் திறக்கவில்லை. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும் மூடினார்கள். 2022 ஏப்ரலிலும் சில மணிநேரம் மூடினார்கள். ஒவ்வொரு முறையும் சாதாரண இணையத்தளங்கள் பெரும்பாலான இடங்களில் திறந்தே கிடந்தன. ஊர் முழுக்க ஒரே கதவால் போய்வந்தால் அதை மூட ஒரு உத்தரவு போதும்.

"பேஸ்புக்கில் போட்டால்தானே கனடாவில் இருக்கிற மாமி வரை வாசிப்பா" எண்டு கேட்பீர்கள். சரி. போடுங்கோ, லிங்கைப் போடுங்கோ. ஆனால் லிங்க் போட்டால் அந்தப் போஸ்ட்டை ஆக்களுக்குக் காட்டமாட்டான் எண்டு பயந்து, 'லிங்க் முதல் கொமெண்டில்' எண்டு ஒளித்து எழுதுகிறோமே, அது ஏன் எண்டு ஒருக்கா யோசியுங்கோ.

"புளொக்கரும் கூகுளுடையதுதானே?" உண்மைதான். யாஹூ 2009இல் ஜியோசிட்டீசை மூடினபோது எவ்வளவோ பேரின் பக்கங்கள் போயின. அதனால்தான் ஒரு பிரதி உங்களிடம் இருக்கவேணும் என்கிறேன். எச்டிஎம்எல் கோப்பை ஒரு இடத்தில் மூடினால் இன்னொரு இடத்தில் ஏற்றலாம். பேஸ்புக்கிலும் தரவிறக்கம் இருக்கு. ஆனால் வருவது ஒரு குவியல், அதை அப்படியே இன்னொரு இடத்தில் விரித்துவைக்க முடியாது.

"லப்டொப் இல்லை, காசு இல்லை" எண்டால், நியோசிட்டீசில் 1 ஜிபி இடம் சும்மா தருகிறார்கள். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அப்படிப் பார்த்தாலும் இந்தக் கட்டுரை முழுக்க இருபது கிலோபைட் அளவுதான். ஒரு செல்ஃபி இதைவிட நூறு மடங்கு வரும். ஃபோனிலேயே எழுதி ஏற்றலாம். கலைப்பீடத்துக்கு எதுக்குக் கோட் எண்டு கேட்கிறவர்களிடம், ஓலையை வாரி எழுத்தாணி பிடித்தவன் எந்தப் பீடம் எண்டு கேளுங்கோ.

வாற போயா லீவில் இருந்து ஒரு பக்கம் கட்டுங்கோ. பேர், மூன்று கட்டுரை, நீங்கள் வாசிக்கிற மற்றப் பக்கங்களின் பட்டியல். இதுபோதும். வடிவில்லாமல் வந்தால் வரட்டும், மறுகா திருத்தலாம். கட்டி முடிந்ததும் லிங்கை அனுப்புங்கோ. முதல் கொமெண்டில் இல்லை, நேராகவே.